எங்கள் கார்டினர்

12 ஜூன் 2024, புதன்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. முற்றம் கூட்டிய கையோடு மறுபடியும் புழுதி.

பெருமாள் வந்து ரோசாக்களுக்குத் தண்ணீர் விட்டான். வெயில் ஏறிய பிறகு விட்டால் இலை கருகும் என்று எத்தனை முறை சொல்லியாயிற்று. "மோட்டர் பிடிக்கல்லீங்கம்மா" என்றான். எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பான்.

வேலை முடிந்தும் போகாமல் நின்றான். தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, மகள் கஜனிக்கு ஒரு சம்பந்தம் சரிவருகிறது என்றான். மாப்பிள்ளைப் பெடியன் நெடுங்கேணி. சுதாகரன் என்று பெயர். உழவு இயந்திரம் திருத்துகிற கராச் வைத்திருக்கிறானாம். இரண்டு வருடமாக விருப்பமாம். அந்தப் பிள்ளை என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை.

பெடியனின் தாய் இவ்வளவு நாளும் ஒத்துக்கொள்ளாமல் இருந்து இப்போதுதான் இறங்கி வந்திருக்கிறா. ஆடி பிறக்க முன்னர் பேசி முடித்தால் ஆவணியில் வைக்கலாம்.

"அதுக்கு முந்தி விசாரிக்க வருவாங்க. உங்ககிட்டத்தான் வருவாங்கம்மா. இந்தப் பக்கத்தில வேற யார்கிட்ட வாறது?"

உண்மை. இந்த ஒழுங்கையில் ஒரு குடும்பத்தைப் பற்றி அறிய வேண்டுமென்றால், புளியங்குளம் சந்தியில் கேட்டாலே என் வீட்டைத்தான் காட்டுவார்கள். நான் கூட்டியும் சொல்வதில்லை, குறைத்தும் சொல்வதில்லை.

கஜனிக்கு முப்பத்தொரு வயது. முன்னர் வந்த இரண்டு சம்பந்தமும் வாசலோடு போனவை. ஒன்று, தாயில்லாத பிள்ளை என்று. மற்றது, மலைநாட்டு ஆட்கள் என்று தெரிந்த அன்றே. இது நடக்க வேண்டும். நான் பிள்ளையாரை அதிகம் தொந்தரவு செய்வதில்லை. இதற்காகக் கேட்டேன்.

23 ஜூன், ஞாயிறு

நல்ல கோப்பைகளை அலுமாரியிலிருந்து இறக்கிக் கழுவி வைத்தேன். என்றைக்கு வருவார்களோ தெரியாது.

30 ஜூன், ஞாயிறு

வந்து போனார்கள். பெடியனின் தாய் விமலேஸ்வரி, அவவின் தமையன் ஐயாத்துரை. மரியாதையான ஆட்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அந்தக் காலத்தில் குடியேற்றத்துக்கு வந்த குடும்பம். வயல் இருக்கிறது.

"உங்களிட்டக் கேட்டால் உள்ளதைச் சொல்லுவியள் எண்டவை அக்கா. அதுதான் நேர இஞ்ச வந்தனாங்கள்" என்றா. எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது.

பிள்ளையைப் பற்றிச் சொன்னேன். எழுத்துப் பழக்கியது நான். முன்பள்ளியில் ரீச்சராக இருக்கிறாள். குனிந்த தலை நிமிராதவள் என்றெல்லாம் பொய் சொல்லவில்லை, நன்றாக நிமிர்ந்து கதைப்பாள், ஆனால் ஒரு சுடுசொல் அவள் வாயில் வராது என்றேன். விமலேஸ்வரி சிரித்தா. "எங்களுக்கும் ஊமை தேவையில்லை."

தகப்பனைப் பற்றிக் கேட்டார்கள். பெருமாள் எங்கட கார்டினர் என்றேன். என் கணவர் ராஜரத்தினம் இரிகேஷன் கந்தோரில் இருந்த காலம் தொட்டு எங்களோடுதான். வீட்டுத் திறப்பை அவன் கையில் கொடுத்துவிட்டு நான் யாழ்ப்பாணம் போய் ஒரு கிழமை நின்று வருவேன், ஒரு ஊசி அசைந்திராது. இதைவிட ஒரு மனிதனுக்கு என்ன நற்சாட்சி வேண்டும்?

ஐயாத்துரை கோப்பையைக் கீழே வைத்தார். "தோட்டக்காரர் எண்டெல்லோ சொன்னவை?"

"தோட்டமும் இருக்கு, பின்னுக்கு. ஆனால் இந்த முன்வளவு முழுக்க அவன்ர கைதான்" என்று ரோசாக்களைக் காட்டினேன். நல்லாய்த்தான் வச்சிருக்கிறார் என்றார்.

கேக் ஒருவரும் எடுக்கவில்லை. சீனி வியாதியாக இருக்கலாம். வெயிலுக்கு முன்னர் போக வேண்டும் என்று எழும்பிவிட்டார்கள். எல்லாம் நல்லபடியாக நடந்தது.

3 ஜூலை

பெருமாளை இன்றும் காணவில்லை. காய்ச்சலோ தெரியாது. நானே இரண்டு வாளி ஊற்றினேன். இடுப்பு விட்டுப்போயிற்று.

5 ஜூலை, வெள்ளி

கஜனி வந்தாள். இரு வளவுக்கும் நடுவே புகுந்து வருகிற வேலிப் பொட்டால் வரவில்லை. பின் ஒழுங்கையால் சுற்றி வந்து, முன் படலையில் நின்று, வெளியாட்களைப் போலக் கூப்பிட்டாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"அன்ரி, அவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?"

நல்லதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்றேன்.

"அப்பாவை என்னெண்டு சொன்னனீங்கள்?"

சொன்னேன்.

அவள் படலைத் தடியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சுதா போன் எடுத்தவர். தாய் மாட்டன் எண்டிட்டாவாம். மலைநாட்டு ஆக்கள் எண்டதையே தான் விழுங்கினதாம். ஒரு வீட்டில வேலைக்கு நிக்கிறவன்ர பெட்டையை எடுத்தால் சனத்துக்கு முன்னால முகம் காட்டேலாதாம்."

"வேலைக்காரன் எண்டு நான் சொல்லேல்லைப் பிள்ளை."

"அப்பா தன்னைத் தோட்டக்காரர் எண்டு சொல்லிப்போட்டு வந்தவர். அது பொய்யே அன்ரி?"

"பொய் இல்லை."

"அப்ப ஏன்?"

"கார்டினர் எண்டது மரியாதையான சொல்."

"எந்த ஊரில அன்ரி?"

திரும்பிப் போய்விட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது சொல்லியிருப்பேன்.

6 ஜூலை

எந்த ஊரில்.

கொன்வென்ற்றில். குரோட்டன் சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஒரு கிழவர் இருந்தார். கூலி, வேலைக்காரன் என்ற சொற்களை வாயில் எடுத்தால் சிஸ்ரர்மார் முழங்காலில் விடுவார்கள். கார்டினர் என்று சொல்ல வேண்டும். குசினியில் இருப்பவ குக். படலையில் இருப்பவர் வோச்சர். அப்படிச் சொல்வதுதான் நல்ல பழக்கம் என்று பதினொரு வயதில் என் நாக்கில் ஏற்றினார்கள். அது இன்னும் இறங்கவில்லை.

கலியாணத்துக்குப் பிறகு இரிகேஷன் குவாட்டர்ஸ். அங்கே அது ஒரு உத்தியோகம். கந்தோரில் பியோன் போல, டிரைவர் போல. எழுபத்தேழுக் கலவரத்தோடு மலைநாட்டிலிருந்து ஓடி வந்த பெருமாளின் தகப்பனை ராஜரத்தினம் அந்த வேலையில்தான் சேர்த்துவிட்டார். பெருமாள் அப்போது தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு தகப்பனுக்குப் பின்னால் திரிந்த சிறுபிள்ளை. தகப்பன் செத்ததும் அந்தச் சொல் மகனுக்கு வந்தது. யார் கொடுத்தது? நான்தான்.

அகராதியை எடுத்துப் பார்த்தேன். தோட்டத்தைப் பராமரிப்பவர் – கூலிக்கோ, தன் விருப்பத்துக்கோ. இரண்டும் ஒன்றாம். அகராதி எழுதியவர் நெடுங்கேணியிலிருந்து வந்து பெண் கேட்டதில்லை.

இங்கே தோட்டக்காரர் என்றால் வேறு. மிளகாய், வெங்காயம், சொந்தக் கிணறு, சொந்த மோட்டர். சந்தையில் அவர் வந்தால் விலகி இடம் விடுவார்கள். பெருமாள் அதுதான். பின்வளவை ராஜரத்தினம் காணி உறுதி முடித்துக் கொடுத்துத் தலைமுறை ஒன்றாகிறது. படலை வேறு, கிணறு வேறு. யுத்தம் முடிந்து முகாமிலிருந்து திரும்பி வந்த பிறகு நான் சம்பளம் என்று ஒரு சதம் கொடுத்ததில்லை. கொடுக்கப் போனபோது "வேணாம்மா" என்று கையை எடுத்துவிட்டார். அதோடு நானும் விட்டுவிட்டேன். ஒவ்வொரு காலையும் வந்து தண்ணீர் விடுவார், போவார். ஏன் வருகிறார் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை.

சரியான சொல்லைத்தான் சொல்வேன் என்று ஊர் என்னிடம் வந்தது. நான் சொன்னது சரியான சொல்லே இல்லை.

இந்தப் பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். வந்தான், விட்டான், நின்றான். அந்த மனிதருக்கு ஐம்பத்தெட்டு வயது.

9 ஜூலை

வேலிப் பொட்டுக்குள் நின்று கூப்பிட்டேன். பெருமாள் மிளகாய்ப் பாத்திகளுக்குத் தண்ணீர் மாறிக்கொண்டிருந்தார். மண்வெட்டியோடு வந்தார்.

"நான் ஒண்டும் வேணுமெண்டு சொல்லேல்லை" என்றேன். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை.

"தெரியுமுங்கம்மா. உங்க வாயில வந்தது அது. அம்பது வருசமா வாறதுதானே." சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்கமுடியாமல் தண்ணீரைப் பார்த்தேன்.

"கஜனி?"

"படுத்திருக்கு. முன்பள்ளிக்கும் போகல்ல. நாளைக்கு நான் வாறேன்மா, ரோசா வாடியிருக்கும்."

ரோசாவைப் பற்றி யார் கேட்டது? நான் போய்ப் பேசுகிறேன். பெடியனின் தாயிடம் நானே போகிறேன். ஆடிக்கு இன்னும் நாள் இருக்கிறது.

11 ஜூலை, வியாழன்

நெடுங்கேணிக்குப் போய் வந்தேன்.

பஸ்ஸில் இடமில்லை. ஒரு பெடியன் எழும்பி இருக்கத் தந்தான். சந்தையடியில் இறங்கி வீடு கேட்டுப் போனேன். விமலேஸ்வரி முற்றத்தில் நெல் காயப்போட்டிருந்தா. என்னைக் கண்டதும் கதிரை எடுத்துப் போட்டா. குறைவாக ஒன்றும் நடத்தவில்லை. அதுவே பயமாக இருந்தது.

நான் பயன்படுத்திய சொல் பிழை என்றேன். பெருமாளுக்குச் சொந்தக் காணி இருக்கிறது, உறுதியை நானே கண்ணால் கண்டவள் என்றேன்.

"காணி இருக்கட்டும் அக்கா. உங்கட வளவிலயும் வேலை செய்யிறார்தானே?"

"அது வேலை இல்லை. நான் சம்பளம் குடுக்கிறேல்லை. ஒரு சதமும் வாங்கிறேல்லை அவர்."

அதைச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று பஸ் முழுக்க மனதில் பாடமாக்கிக்கொண்டு போனேன். அவ நெல்லைத் துழாவுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா.

"சம்பளத்துக்கு நிண்டாலும் பரவாயில்லை அக்கா. ஏதோ உத்தியோகம் எண்டு சொல்லலாம். சம்பளமில்லாமல் பரம்பரையா ஒரு வீட்டுக்குச் செய்யிறவையை எங்கட ஆக்கள் என்னெண்டு சொல்லுறவை? உங்களுக்குத் தெரியாதே?"

தெரியும். எப்படித் தெரியாமல் போகும். அந்தச் சொல்லை அவ சொல்லவில்லை, நானும் எழுதப் போவதில்லை.

"அப்பிடி இல்லை" என்றேன். "அப்பிடி இல்லை, விமலேஸ்வரி."

"அப்ப எப்பிடி? அவர் உங்களுக்கு ஆர்?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. இங்கிலீஷிலும் வரவில்லை, தமிழிலும் வரவில்லை. உறவினர் இல்லை. கூட்டாளி என்று சொல்லமுடியாது. அயலவர் என்றால் காணாது. கடைசி யுத்தத்தில் இரணைப்பாலையில் ஒரே பங்கருக்குள் கிடந்தோம், அவர் மனைவி செத்த அன்று அந்தப் பிள்ளையின் தலை என் மடியில்தான் இருந்தது – இதற்கு என்ன பெயர்? நான் முழிசிக்கொண்டு இருந்தேன். அவ அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொண்டா.

"நீங்கள் பொய் சொல்ல மாட்டியள் எண்டுதானே அக்கா உங்களிட்ட வந்தனாங்கள். இப்ப வந்து மாத்திச் சொன்னால் நான் எதை நம்பிறது?"

தேநீர் தந்தா. குடித்தேன். குடிக்காமல் வந்திருக்கலாம்.

12 ஜூலை

எழும்பவில்லை. போனதால் இன்னும் கெடுத்துவிட்டு வந்திருக்கிறேன். பெருமாள் வந்து தண்ணீர் விடும் சத்தம் கேட்டது. யன்னலைத் திறக்கவில்லை.

17 ஜூலை, புதன்

ஆடிப்பிறப்பு. ஒவ்வொரு வருடமும் கஜனி சின்னச் சருவத்தில் கூழ் கொண்டு வருவாள். இந்த வருடம் நான் காய்ச்சவும் இல்லை.

பின்னேரம் மகன் தர்சன் மெல்பேணிலிருந்து போன் எடுத்தான். குளிராம். ஆனாலும் கோவாக் கன்று வைத்திருக்கிறானாம், பின்முற்றத்தில் ஆறு பாத்தி. "உங்கட மருமகள் பேசிறா அம்மா, சனி ஞாயிறு முழுக்க மண்ணுக்குள்ளதானாம். இஞ்ச கிளினிக்குக்கு வாறவையே கேட்டுக்கொண்டு போகினம். நான் இப்ப நல்ல கார்டினர் எண்டு பேர் எடுத்திட்டன்."

பல் வைத்தியர். அவன் அந்தச் சொல்லைச் சட்டையில் ஒரு பூவைக் குத்திக்கொள்வது போலச் சொன்னான்.

பிறகு கேட்டான்: "எங்கட கார்டினர் எப்பிடி இருக்கிறார்?"

லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

4 ஆகஸ்ட், ஞாயிறு

சந்திக் கடை ராஜினி சொன்னாள். சுதாகரனுக்கு ஆவணியில் கலியாணமாம். ஒட்டுசுட்டான் பக்கத்துப் பிள்ளை. சோறு தண்ணி இல்லாமல் தாயோடு சண்டை பிடித்தவன், பிறகு அடங்கிவிட்டான். "அவன் பாவம், என்ன செய்யிறது" என்கிறாள் ராஜினி, எனக்குச் சவர்க்காரத்தைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு. அவன் பாவமா?

கஜனிக்குத் தெரியுமா? தெரியாமல் இருக்குமா? வீடு திரும்பும்போது ஒழுங்கையில் ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஐயோ, நான் என்ன செய்துவிட்டேன். ஒரு சொல். கேக் வெட்டி வைத்துக்கொண்டு, கால் மேல் கால் போட்டுக்கொண்டு, பெரிய மனுசி போல ஒரு சொல்.

5 ஆகஸ்ட்

கஜனி வெளியே வரவில்லை. பின்பக்க யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருக்கிறேன். அங்கிருந்து அவர்களுடைய கிணற்றடி தெரியும்.

6 ஆகஸ்ட்

இன்றும் யன்னலடிதான். சமைக்கவில்லை. இந்த ஊரில் இப்படிப் போன பிள்ளைகளை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும். நினைக்கக்கூடாது. நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை.

7 ஆகஸ்ட், புதன்

எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

மத்தியானம் கண் அயர்ந்துவிட்டேன். கிணற்றடியில் பெரிய சத்தம். எதுவோ தண்ணீருக்குள் விழுந்தது. செருப்புப் போடவில்லை. வேலிப் பொட்டுக்குள் சேலை கொளுவியது, கிழித்துக்கொண்டு போனேன். மிளகாய்க் கன்றுகளுக்கு மேலால் ஓடினேன். கஜனியின் பெயரை எத்தனை முறை கத்தினேனோ தெரியாது.

அவள் கிணற்றுக் கட்டில் நின்றாள். கையில் அறுந்த கயிறு. வாளிதான் விழுந்தது.

நான் அவள் கையைப் பிடித்தேன். விடவில்லை. அவள் என் காலைப் பார்த்தாள், முள் ஏறி இரத்தம். என்னைக் கிணற்றுக் கட்டில் இருத்தி, தண்ணீர் இல்லாதபடியால் தன் சட்டை விளிம்பால் துடைத்தாள்.

"நான் சாகமாட்டன் அன்ரி" என்றாள். "யன்னலுக்குள்ளால பாத்துக்கொண்டு இருக்கிறது தெரியும். அப்பாவுக்கும் தெரியும். இதுக்கெல்லாம் செத்தால் நாங்கள் எப்பவோ செத்திருக்க வேணும்."

நான் என்ன செய்யவேண்டும் என்று கேட்டேன். எதையும் செய்கிறேன் என்றேன். காணியை எழுதுகிறேன், தர்சனிடம் சொல்லி வெளிநாட்டில் பார்க்கிறேன் – வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். அவள் முள்ளை எடுத்து முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"ஒண்டும் வேண்டாம். இனி ஆராவது எங்களைப் பற்றி விசாரிச்சு வந்தால், தெரியாது எண்டு சொல்லுங்கோ."

"உன்னைத் தெரியாது எண்டோ?"

"ஓம். எங்கள் ஒருதரையும் தெரியாது எண்டு."

கோபமாகச் சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமா என்று கேட்பது போலச் சொன்னாள்.

8 ஆகஸ்ட்

தெரியாது என்று சொல்வதா. அந்தப் பிள்ளையையா. என் வாழ்நாளில் இப்படி ஒரு பொய்யை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

10 ஆகஸ்ட், சனி

தெரியாது என்று நான் சொன்னால் மட்டும் போதுமா? ஒவ்வொரு காலையும் பெருமாள் என் முற்றத்தில் குழாயோடு நிற்பதை ஒழுங்கையால் போகிறவர்கள் எல்லோரும் காண்கிறார்கள். நான் வாயைத் திறக்கவே தேவையில்லை. அந்தக் குழாய் சொல்லும்.

காலையில் வந்தபோது வாசலில் நின்றேன்.

"இனி இந்தப் படலைக்குள்ள வராதேங்கோ" என்றேன்.

அவர் குழாயை விடவில்லை. நான் அவரை அப்படி மரியாதை வைத்துக் கூப்பிட்டதும் அதுதான் முதல்தடவை. அதுகூட அவரை வெளியே தள்ளுவது போலத்தான் இருந்திருக்கும்.

"ரோசா காஞ்சிருமேம்மா."

"காயட்டும்."

"வேலைக்கா நான் வாறேன்? உங்களப் பாத்துட்டுப் போக வாறேன். தனியா இருக்கீங்க. கையோட தண்ணியையும் விடுறேன்."

அப்போதுதான் விளங்கியது – அந்த நெடுங்கேணி முற்றத்தில் எனக்கு வராமல் போன பதில். அவரிடம் இருந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் அன்றே தந்திருப்பார்.

"எனக்கு விளங்குது" என்றேன். "பாக்கிற சனத்துக்கு விளங்காது. பிள்ளையை யோசியுங்கோ."

குழாயைச் சுருட்டி மாமரத்தடியில் வைத்தார். மோட்டரை நிற்பாட்டினார். முன் படலையைச் சாத்திவிட்டு, ஒழுங்கையால் சுற்றிப் போனார்.

14 ஆகஸ்ட்

வேலிப் பொட்டை அடைத்தாயிற்று. கனகராயன்குளத்திலிருந்து ஒரு ஆளைப் பிடித்து முழு நீளத்துக்கும் தகரம் அடித்தேன். அடிக்கும்போது அந்தப் பக்கத்தில் யாரும் வெளியே வரவில்லை. பொட்டு இருந்த இடம் எது என்று இப்போதே தெரியவில்லை.

2 செப்ரெம்பர்

சிவப்பு ரோசாக்கள் போய்விட்டன. நான்கைந்துக்குச் செம்பால் ஊற்றுகிறேன். ராஜினி கேட்டாள், "என்ன அன்ரி, அங்காலயோட கோபமே? காணிச் சண்டையே?" ஓம் என்றேன். ஊர் நம்பும். ஊருக்கு அதுதான் விளங்கும்.

19 செப்ரெம்பர்

தகரத்துக்கு அங்கால் கஜனியின் சைக்கிள் மணி. முன்பள்ளிக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.

7 நவம்பர், வியாழன்

மழை விடாமல் பெய்கிறது. மூன்று நாளாகப் பெருமாள் இருமுகிறார். நெஞ்சுக்குள்ளிருந்து வருகிற இருமல். கொத்தமல்லி அவித்துப் போத்தலில் ஊற்றி வைத்துக்கொண்டு தகரத்தடியில் குடையோடு நின்றேன். எறியவா முடியும்? கூப்பிட்டால் யாராவது கேட்பார்கள். கூப்பிட்டுத்தான் என்ன, கேட்டால்தான் என்ன என்று ஒரு மனம். கஜனி கேட்டது என்ன என்று இன்னொரு மனம். அவள் கேட்டது ஒன்றே ஒன்று.

போத்தலை நானே குடித்தேன்.

11 நவம்பர்

இருமல் குறைவு. ஓட்டோ வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கொண்டுவந்து விட்டது. யன்னலால் பார்த்தேன். நடந்துதான் இறங்கினார்.

தர்சன் வரச் சொல்கிறான். அங்கே வந்து இருந்தால் தன் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கலாமாம். முடியாது என்றேன். ஏன் என்றான். இங்கே வேலை இருக்கிறது என்றேன். என்ன வேலை என்று கேட்டான். என்ன வேலை. யாராவது வந்து கேட்டால் தெரியாது என்று சொல்வதற்கு ஒரு ஆள் இந்தப் படலையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீட்டில் கேட்பார்கள். அடுத்த வீடு என் வாயால் கேட்டதைத்தான் இன்னும் சொல்லும்.

14 ஜனவரி 2025, செவ்வாய்

பொங்கல். தனியே ஒரு சுண்டு அரிசி போட்டுப் பொங்கினேன். அங்கால் வெடிச் சத்தம் கேட்டது. கஜனி சிரித்ததும் கேட்டது.

26 ஜனவரி, ஞாயிறு

பின்னேரம் ஒரு வான் வந்து என் படலையில் நின்றது. இரண்டு பெண்களும் ஒரு ஆணும். கிளிநொச்சிப் பக்கமாம். மூத்தவ இறங்கி வந்து, "அம்மா, உங்களிட்டக் கேட்டால் சரியாச் சொல்லுவியள் எண்டு சந்தியில சொன்னவை" என்றா.

இருக்கச் சொல்லவில்லை. படலையையும் திறக்கவில்லை.

"பெருமாள் எண்டு ஒராள், அவரின்ர குடும்பம் எப்பிடி?"

"பின்னுக்குத் தோட்டம் செய்யிறவை. படலை பின் ஒழுங்கையில. வேற எனக்கு ஒண்டும் தெரியாது."

"பக்கத்துக் காணிதானே அம்மா?"

"போக்குவரத்தில்லை."

"பிள்ளையின்ர குணநடை ஏதும்...?"

என் நெஞ்சில் எவ்வளவு இருந்தது. இரணைப்பாலையில் தன் பங்குக் கஞ்சியில் பாதியை என் கோப்பையில் ஊற்றிவிட்டு வயிறு நோகிறது என்று சொன்ன பிள்ளை. என் காலில் ஏறிய முள்ளை எடுத்த கை. எல்லாம் நாக்குக்கு வந்து நின்றன. ஒரு சொல் பேசியிருந்தால் இன்னொரு சொல் வந்திருக்கும், பிறகு நிற்காது. எனக்கு என்னைத் தெரியும்.

"தெரியாது" என்றேன்.

திரும்பி வானில் ஏறும்போது இளையவ சொன்னது கேட்டது. "கிழவிக்கு இருக்கிற எடுப்பைப் பாத்தியே. ஒரு வாய்த் தண்ணி வேணுமோ எண்டு கேக்கேல்லை." மற்றவ, "தகரம் அடிச்சுக் கிடக்கு, காணிப் பிரச்சினை போல. விடு, நேர அங்கயே போவம்" என்றா.

வான் ஒழுங்கையால் சுற்றிப் பின்னுக்குப் போனது. நான் வீட்டுக்குள் வந்து பின்பக்க யன்னலைச் சாத்தினேன். நான் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. குசினியில், சத்தம் வராமல் இருந்தேன்.

தகரத்துக்கு அங்கால் கதிரைகள் இழுபட்டன. பெருமாளின் குரல். அந்த மூத்தவவின் சிரிப்பு. ஒருமுறை எல்லோரும் சேர்ந்து சிரித்தார்கள்.

விளக்கு வைத்த பிறகுதான் வான் திரும்பிப் போனது.